கொட்டகை வீட்டுப் பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நடிகன். இப்படிச் சொன்னதும் எந்தப் படம் என்று கேட்பீர்கள். படத்தின் பெயரைச் சொன்னால், அதில் எங்கே வருகிறீர்கள் என்பீர்கள். அந்தச் சங்கடம் வேண்டாம். நன்னிலத்துக்கும் பேரளத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டரின் மகனாக வளர்ந்த கதையைக் கொஞ்ச காலமாகக் கட்டுரைகளாக எழுதி வருகிறேன். தாத்தா நாடகக்காரர், அப்பா கொட்டகைக்காரர், அம்மா பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்தவர். படித்தவர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளாக இருப்பதால் பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டுவிடுகிறேன்.

எழுதுவதெல்லாம் நிஜமாக நடந்ததா?

பாதிக்கு மேல் நடந்தது. மீதியை அம்மா வெட்டிவிடுவார்.

என் கட்டுரைகளுக்கு முதல் வாசகர் அம்மாதான். எண்பதைத் தாண்டிவிட்டார். டிக்கெட் கட்டு எண்ணுகிற மாதிரியே இன்றைக்கும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் தாளைத் திருப்புவார். தரை டிக்கெட் நாலணா என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். "நாலணா அதுக்கு முன்னாடி. நீ நாலாவது படிக்கிறப்ப முப்பது காசு ஆக்கியாச்சு. அந்த அஞ்சு காசால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். எல்லோரும் எட்டணாவைக் கொண்டுவந்து நீட்டுவார்களாம். மீதி இருபது காசுக்குச் சில்லறை எங்கே இருக்கும்? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு அதையே சில்லறையாகத் தள்ளியிருக்கிறார். இந்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. ஆக, நான் பொய்யாக எழுதினால்தான் நிஜம் வெளியே வருகிறது.

போஸ்டர் ஒட்டின பசைக்காக ஆடு வந்து போஸ்டரைத் தின்றது நிஜம். மைதாப் பசை என்றால் ஆட்டுக்கு அவ்வளவு இஷ்டம். கதாநாயகி முகத்தை மட்டும் மரியாதையாக விட்டுவைத்தது என்பது என் கைவரிசை. அம்மா அதையும் பிடித்துவிட்டார். "முழுசாத்தான் தின்னுச்சு."

அப்புறம், மூன்று வருஷத்தில் நடந்ததை ஒரே ராத்திரியில் நடத்திவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. நாடகத்தில் பதினாலு வருஷ வனவாசத்தை அரை மணியில் முடிக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. எனக்கும் அந்தச் சலுகை வேண்டும்.

அப்படியானால் உங்களுடையது சினிமாக் குடும்பமா?

படுதாவுக்குப் பின்பக்கத்துக் குடும்பம். கே. பாலசந்தர் பிறந்த நல்லமாங்குடி எங்கள் பக்கம்தான். உறவா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அவர் போன திசையில் பின்னாளில் நானும் பஸ் ஏறினேன், உறவு அவ்வளவுதான்.

டூரிங் டாக்கீஸ் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும்?

மூன்று பக்கம் தட்டி, மேலே கீற்று, முன்னால் வெள்ளைத் துணி. தரையில் ஆற்று மணல். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர். மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தால் படம் நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் இருப்பவர் அதைவிடப் பெரிய மேடு கட்டுவார். இடைவேளைக்குள் கடைசி வரிசை அநேகமாகக் கூரையைத் தொட்டிருக்கும்.

சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கிளம்பினால் நாலு ஊருக்குக் கேட்கும். முதல் பக்திப் பாட்டுக்கு உலை வைப்பார்கள், மூன்றாவது பாட்டுக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள், ரிக்கார்டு நின்றால் ஓட்டமாக வருவார்கள். ஒருநாள் ஊசி தேய்ந்து ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியதில், மூன்று வீட்டில் சோறு குழைந்துபோய் மறுநாள் அப்பாவிடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆபரேட்டர் அறை தனி உலகம். மெஷினுக்குள் விளக்கு என்றால் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகள். நுனியோடு நுனி தொடவைத்து, கொஞ்சம் விலக்கி நிறுத்தினால் நடுவில் கண் கூசுகிற ஜுவாலை பிறக்கும். குச்சி எரிந்து குறைந்துகொண்டே வரும், இடைவெளி அகலும், படம் மங்கும். அப்பா பக்கத்தில் நின்று திருகைத் திருப்பித் திருப்பிக் குச்சியை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பீடி பற்றவைக்கப் போன நேரத்தில்தான் எங்கள் ஊரில் கதாநாயகர்கள் கறுத்துப்போவார்கள். "யோவ், கார்பன்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து சத்தம் வரும். விஞ்ஞானப் பாடத்தில் கார்பன் என்ற சொல் வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையனுக்கும் அது தெரியும்.

ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிஷம் ஓடும். அப்பா இரண்டிரண்டாக ஒட்டி வைப்பார். பெரிய தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும், ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்கும். எங்களிடம் ஒன்றுதான். அதனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் நிற்கும், விளக்குப் போடுவார்கள், வெற்றிலை மாறும், முறுக்குக்காரர் ஒரு சுற்று வருவார். வில்லன் கத்தியை ஓங்கிய இடத்தில் ரீல் முடிந்தால் பொம்பளைகள் பக்கம் அந்த இரண்டு நிமிஷமும் சாபமாகவே இருக்கும். சென்னையில் முதன்முதலாக ஒரு படத்தை நிற்காமல் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது.

படப்பெட்டி டி.டி. ஏரியா முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். டி.டி. என்றால் திருச்சி–தஞ்சாவூர், வினியோகஸ்தர் பாஷை. வந்து சேரும்போது பிரிண்ட் முழுக்கக் கோடு. மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷத்திலும் எங்கள் திரையில் மழை மட்டும் தவறாது. அறுந்த இடத்தை வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி அப்பா ஒட்டுவார். வெட்டின துண்டு எனக்கு. பியூஸ் போன பல்பின் வயிற்றைச் சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் மாட்டுக்கொட்டகைச் சுவரில் படம் நேராக விழும். டிக்கெட் ஒரு கோலிக்குண்டு. அந்த வயதில் நான் சம்பாதித்ததைப் போல அதற்கப்புறம் சினிமாவில் சம்பாதித்ததே இல்லை.

தாத்தா பெண் வேஷம் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

வீட்டில் சோறு வந்ததே அந்த வேஷத்தால்தான். எப்படி எடுத்துக்கொள்வது?

1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பையன்களை மட்டும் வைத்து நாடகம் போடுகிற பாய்ஸ் கம்பெனிகள் பல இருந்தன. எம்.ஜி.ஆர். கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சின்ன வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாத்தா சேர்ந்தது அவ்வளவு பேர் பெற்ற கம்பெனி இல்லை. ஒன்பது வயதில் விட்டார்கள். வீட்டில் வாய்கள் அதிகம், கம்பெனியில் மூன்று வேளைச் சோறு, கணக்கு அவ்வளவுதான். குரல் நன்றாக இருந்ததால் ஸ்திரீபார்ட். தமயந்தி, சந்திரமதி, வள்ளி என்று ஊர் ஊராக அழுதிருக்கிறார்.

பதினாலு, பதினைந்து வயதில் மகரக்கட்டு உடையும். குரல் கட்டைக்குப் போய்விடும். ஸ்திரீபார்ட் பையனுக்கு அது பென்ஷன் இல்லாத ரிட்டயர்மென்ட். மேடையில் ஒரு சந்திரமதி, "லோகிதாசா" என்று மகனைக் கூப்பிட்ட பாதியில் குரல் இரண்டாகப் பிளந்து, ஜனங்கள் யமன் வந்துவிட்டான் என்று திரும்பிப் பார்த்ததை தாத்தா நடித்தே காட்டுவார். மறுநாளிலிருந்து அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைத்து அடுத்த பையனுக்குப் பூசிவிடுகிற வேலை. அப்புறம் ஆர்மோனியம். இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். வெகுகாலம் கழித்துத்தான் அந்தச் சந்திரமதி யார் என்று எனக்கு உறைத்தது.

எழுபது வயதிலும் அவர் நடையில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், பட்டுப்புடவை தடுக்குகிற மாதிரி. மீசை வைத்ததே இல்லை. எங்கள் வீட்டுக்கு வாழவந்த மருமகளுக்குக் கொசுவம் ஒரே அளவாக வைத்துச் செருகச் சொல்லிக்கொடுத்தவர் மாமனார்தான். திண்ணையில் தன் வேட்டியிலேயே மடித்துக் காட்டியிருக்கிறார். அம்மாவின் கொசுவத்தை ஊரில் எல்லோரும் புகழ்வார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் "பொறந்த வீட்டுல" என்பார். அப்பாயிக்கு மட்டும் உண்மை தெரியும், சிரிப்பார்.

1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. தாத்தாவின் பிழைப்பு அதில் படுத்தது. அவர் மகனே போய்க் கொட்டகையில் மெஷின் ஓட்டச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? இரண்டு வருஷம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவராகவே வந்து தரை டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார். படம் முடிந்து வெளியே வந்து சொன்ன ஒரே வாக்கியம்: "பொம்பள வேஷத்துல அந்தப் பொண்ணுக்கு நடை சரியில்லே."

டெல்டா இல்லாமல் வேறு ஊராக இருந்தாலும் இதே கட்டுரைகள் வந்திருக்குமா?

வந்திருக்காது. மற்ற ஊரில் கலைக்கு வசூல் நடிகரைப் பொறுத்தது. எங்களுக்கு அது மேட்டூரைப் பொறுத்தது. ஜூன் 12 தண்ணீர் திறந்தார்களா, குறுவை உண்டா, சம்பா தப்புமா என்பதை அப்பா விவசாயியைவிடக் கவலையோடு விசாரிப்பார். அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தை, மாசியில் அறுப்பு முடிந்தால் கூலிக்கு வந்த நெல் கடைக்குப் போய்க் காசாக மாறி, இரண்டே நாளில் அம்மாவின் கல்லாவுக்கு வந்துவிடும். நாடகக் காலத்தில் இன்னும் நேரடி. காண்ட்ராக்டர் பாதி பணமாகவும் பாதி நெல்லாகவும் அளந்த கதையெல்லாம் தாத்தா சொல்லியிருக்கிறார்.

இது ஒன்றும் புதிய ஏற்பாடு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுகிற சாந்திக்கூத்தருக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி, வருஷத்துக்கு 120 கலம் நெல் என்று வெட்டிவைத்திருக்கிறது. நடிகன் சம்பளத்தைக் கல்லில் வெட்டிக்கொடுத்த காலம்! எனக்கு ஒரு சீரியல்காரர் மூன்று மாதச் சம்பளத்தை வாயால்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

மேலட்டூர் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி விடியவிடிய நடக்கும், பெண் வேஷமும் ஆண்கள்தான். தாத்தா ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். பாட்டும் வசனமும் தெலுங்கு, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தாத்தாவுக்கும் புரியாது. ஆனால் பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வந்தவரின் கை அசைவைப் பார்த்துக் கண் துடைத்துக்கொண்டார்.

பெரிய நடிகர்களை நேரில் பார்த்ததுண்டா?

தூரத்தில். சிவாஜி கணேசனுக்குச் சூரக்கோட்டையில் வீடும் நிலமும் இருந்ததால் தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோருமே அவரைத் தன் ஊர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். 1989 தேர்தலில் அவர் திருவையாற்றில் நின்று தோற்ற அன்று எங்கள் தெருவே நம்பவில்லை. அப்பா மட்டும் கலங்காமல் சொன்னார்: "சீட்டி அடிக்கிறவன் எல்லாம் டிக்கெட் வாங்கினவன் இல்லடா."

புயல் கட்டுரையில் வரும் கால்சட்டை?

அதைச் சந்தேகப்படாதவர்களே இல்லை. அம்மா கையெழுத்தே போட்டுத் தருவார்.

1977 நவம்பர் 12, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த புயல். எனக்குப் பதினோரு வயது. கொட்டகைக் கீற்று முதல் அடியிலேயே போய்விட்டது. அப்பா லென்ஸைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, பிலிம் பெட்டியைத் தலையில் வைத்து வீட்டுக்கு வந்தார். ஒழுகாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, கட்டில் போட்ட மூலை. அதில் பெட்டி ஏறியது. நாங்கள் நாலு பிள்ளைகளும் அம்மியைச் சுற்றி நனைந்துகொண்டு நின்றோம். "புள்ளைங்க நனையலாம், பொட்டி நனையக் கூடாதோ?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா யோசிக்காமல் சொன்னார்: "புள்ளைங்க காஞ்சுடும்."

இரண்டு நாள் கழித்துத் திரைத்துணி ஒரு மைல் தள்ளி மூங்கில் கொத்தில் சுற்றிக் கிடைத்தது. நடுவில் கிழிசல், மறுபடி கட்ட முடியாது. நல்ல கெட்டித் துணி. அம்மா துவைத்து நீலம் போட்டுத் தையற்காரரிடம் கொடுத்து எங்கள் நாலு பேருக்கும் கால்சட்டையும் பாவாடையும் ஆக்கிவிட்டார். எங்கள் ஊர் பத்து வருஷம் பார்த்த நட்சத்திரங்கள் அத்தனை பேர் மீதும் நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சினிமாவில் எனக்குக் கிடைத்த பெரிய இடம் இன்றுவரை அதுதான்.

குடும்பத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லையா?

தங்கச்சி ஆறு மாதம் பேசவில்லை. பாவாடையை எழுதினதற்காக இல்லை. அவள் பாவாடையில் கிழிசலைத் தைத்த தையல் தெரிந்ததை எழுதினதற்காக. இப்போதெல்லாம் வெளியிடுவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டிவிடுகிறேன். சித்தப்பா ஒருவர், தன்னைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபித்தார். எழுதினால் போலீஸ் வரும் என்று சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

இவ்வளவு கஷ்டத்தையும் ஏன் வேடிக்கையாகவே எழுதுகிறீர்கள்?

வீட்டில் அப்படித்தான் பேசினார்கள். விடிய விடிய நடக்கிற நாடகத்தில் ஜனங்கள் எந்த நேரத்தில் தூங்குவார்கள் என்று பபூனுக்குத் தெரியும், சரியாக அப்போது உள்ளே வருவார். அரிச்சந்திரன் மயானத்தில் நிற்கிறவரைக்கும் ஜனங்களை முழித்திருக்கச் செய்வது அவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அந்த வேலை ஆளாளுக்கு முறை வைத்து வந்தது. ஒரு விஷயம் மட்டும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கடைசித் தம்பி. அவனைப் பற்றி யாரும் வேடிக்கையாகப் பேசியதில்லை.

நடிப்பில் நீங்கள் பெரிதாக வரவில்லையே, வருத்தமில்லையா?

கேட்கிற அழகைப் பாருங்கள். டாக்டராக வந்து "இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்" என்று பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர்கூடச் செத்ததில்லை. வேறெந்த டாக்டருக்கு இந்தக் கைராசி? சீரியலில் பெண்ணுக்கு அப்பா, பிறகு அதே சீரியலில் நீதிபதி. மீசையை மட்டும் எடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. நாடகத்தைச் சினிமா சாய்த்தது, கொட்டகையை டிவி சாய்த்தது. தாத்தாவைக் கெடுத்த தொழிலில் அப்பா சேர்ந்தார். அப்பாவைக் கெடுத்த பெட்டிக்குள் நான் போய் உட்கார்ந்தேன். என் மகள் இப்போது செல்போனில் ஒரு நிமிஷ வீடியோ எடுத்துப் போடுகிறாள். என்னைவிட அவளைப் பத்து மடங்கு பேருக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே சார்ஜர் கேட்க வேண்டியதாகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கதையையும் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

விலையிலிருந்து தொடங்குங்கள். டிக்கெட் என்ன விலை, வாடகை என்ன, யாருக்கு எவ்வளவு பாக்கி. பெரியவர்களிடம் "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது" என்று கேட்டால் பெருமூச்சுதான் வரும். "முறுக்கு எத்தனை காசு" என்று கேட்டுப் பாருங்கள். சண்டையே வரும், அதில் கதை இருக்கும். உங்களை நீங்களே கிண்டல் செய்துகொள்ளுங்கள், ஊர்க்காரரைக் கிண்டல் செய்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது.

அப்பா இதையெல்லாம் படித்தாரா?

கண் போய்விட்டது. அத்தனை வருஷம் கார்பன் வெளிச்சத்தைப் பார்த்ததால்தான் என்று அம்மா சொல்கிறார். டாக்டர் வயதுதான் காரணம் என்கிறார். ஊருக்குப் போகும்போது திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன், அவர் ஈசிசேரில் சாய்ந்து கேட்பார். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்க மாட்டார். ஆனால் வாசித்துக்கொண்டே இருக்கும்போது, இருபது நிமிஷம் ஆகியிருக்கும், கையைத் தூக்குவார். எந்த இடமாக இருந்தாலும் சரி, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவேன். வெற்றிலைச் செல்லத்தைத் தடவி எடுத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அம்மா உள்ளேயிருந்து வந்து சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்.

"ம், போடு" என்பார்.